கண்ணெழுத்தும் சரக்குப் பெட்டியும்

காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலை வாயிலில் குவிந்திருந்த பொதிகளில் உடையவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பெற்றிருந்தன என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. அக்குறியீட்டை இளங்கோவடிகள் 'கண்ணெழுத்து' என்பர். சோழனுடைய புலிப்பொறி இடப்பெற்ற பின்னரே பொதிகள் சுங்கத்தைக் கடந்தன எனப் பட்டினப்பாலை கூறும். பொதியை அவிழாமலே அதன் செய்தியை அறிவித்தல் கண்ணெழுத்தின் பயனாகும்.

அவ்வெழுத்து வழக்கொழிந்ததன்று. இக்காலத்துச் சரக்குப் புகைவண்டியின் ஒவ்வொரு பெட்டியிலும் அது வேற்றுருவில் வாழ்கின்றது. இந்தியப் புகையிரதப் பெட்டிகளையே சான்றாகக் கொள்வோம்.

நன்னூலார் பகுபதத்தைப் பிரித்துக் காட்டுமாறு அப்பெட்டிகளின் பெயர்களையும் உறுப்புறுப்பாகப் பிரிக்கலாம். 'பி.சி.என்.' என்பதில் முன்னிற்கும் 'பி' சுழலும் சக்கரச் சட்டங்கள் இரண்டின்மேல் அமைந்த நெடும்பெட்டி என்பதையும், 'சி' கூரையால் மூடப்பெற்றது என்பதையும், விகுதிபோல் நிற்கும் 'என்' காற்றுப் பிரேக் உடையது என்பதையும் உணர்த்தும். நனைந்தாற் கெடும் நெல், சீமெந்து, உரம் ஆகியன இதிற் செல்லும். 'பி.ஓ.எக்ஸ்.என்.' என்பது மேல்திறந்த, உயர்ந்த சுவர்ப் பெட்டி. மழைக்கு அஞ்சாத நிலக்கரிக்கும் இரும்புத் தாதுக்கும் உரியது. 'பி.டி.பி.என்.' என்பது பெற்றோலிய எண்ணெய் கொண்டுசெல்லும் தாங்கி. இங்ஙனம் பெயரறிந்தார் பெட்டியைத் திறவாமலே அதற்குரிய பண்டத்தை ஊகித்துணர்வர்.

பெயரின் அருகே பதினோரிலக்க எண்ணொன்றும் உண்டு. முதலிரண்டு இலக்கங்கள் பெட்டியின் வகை; அடுத்த இரண்டு உடைமையான புகையிரதப் பிரிவு; அடுத்த இரண்டு செய்யப்பெற்ற ஆண்டு; பின்வரும் நான்கு தனியெண். இறுதி இலக்கமோ காவலாளி போன்றது. 31 08 06 1543 என ஓர் எண்ணை நாமே அமைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் நிற்கும் 1, 8, 6, 5, 3 என்பவற்றின் கூட்டுத்தொகை 23. அதன் மும்மடங்கு 69. ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகை 8. இரண்டுஞ் சேர 77. அடுத்த பத்தாகிய 80 ஐ எய்த 3 வேண்டும். அதுவே பதினோராம் இலக்கம். படியெடுப்போர் ஓரிலக்கத்தைப் பிழைபட எழுதினும் கணக்கு ஒவ்வாது, பிழை வெளிப்படும்.

ஐரோப்பிய நாடுகளில் தீங்கு விளைக்கும் பண்டம் ஏற்றிய தாங்கிகளில் செம்மஞ்சட் பலகையொன்று காணப்படும். அதன் மேலெண் ஆபத்தின் தன்மையையும், கீழெண் பண்டத்தையும் சுட்டும். மேலே 33, கீழே 1203 எனின் எளிதிற் பற்றியெரியும் பெற்றோல் என்பது பொருள். மேலெண்ணுக்கு முன் 'எக்ஸ்' என்னும் எழுத்து நிற்பின், அப்பண்டம் நீருடன் கூடிக் கேடு விளைக்கும். தீயணைக்க ஓடிவருவோன் அவ்வோரெழுத்தை அறியானாயின், அவன் வார்க்கும் நீரே கேட்டினைப் பெருக்கிவிடும்.

எழுத்தை வாசிக்கத் தெரிதல் மட்டும் போதுமா? போதாது, எழுதினவன் மெய்யை எழுதியிருத்தலும் வேண்டும். 2013 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் திகதி கனடாவின் லாக் மெகாந்திக் நகரில், ஆளின்றி உருண்டோடிவந்த எண்ணெய் வண்டி தடம்புரண்டது. அதன் 72 தாங்கிகளுள் 63 கவிழ்ந்தன. 47 பேர் மாண்டனர். வண்டி உருண்டமைக்குக் காரணம் போதிய கைப்பிரேக்குகள் இடப்படாமையே. ஆயினும், ஆராய்ந்த போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை மற்றோர் உண்மையையும் கண்டது. மசகெண்ணெய் என்று குறித்தது மெய். அதன் தீப்பற்றுந் தன்மையைக் குறித்தது மெய்யன்று. ஆவணங்கள் அதனைக் குறைந்த ஆபத்துத் தரத்தில் வைத்திருந்தன. எண்ணெய் அத்துணை விரைவிற் பற்றியதற்கு, மறைந்திருந்த அவ்வியல்பும் ஒரு காரணம்.

பதினோராம் இலக்கம் கைப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். மனப்பிழையைக் காட்டிக்கொடுக்கும் இலக்கம் எக்கணக்கிலும் இல்லை. புலிப்பொறியின் மதிப்பு புலியின் உருவத்தில் இருந்ததன்று. பொறித்த கையின் நேர்மையிலேயே இருந்தது. மாணவர்க்கு எழுத்தறிவிக்கும் நாம், எழுதுவது பிறனொருவன் உயிரைக் காக்கும் பொறுப்பு என்பதையும் உடன் அறிவித்தல் வேண்டும்.