எந்தத் தோட்டம்?

வானொலியில் நேயர் அழைப்பு எடுக்கிற எங்களுக்கு இரண்டு கேள்விகள் மனப்பாடம். உங்க பேர் என்ன, எங்கிருந்து பேசுறீங்க. பெயருக்கு ஒரு பதில்தான் வரும். இடத்துக்கு மட்டும், பேசுகிறவர் ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால், பெரும்பாலும் இரண்டு பதில். “பூச்சோங்லருந்து பேசுறேன்மா. ஆனா சொந்தம் பந்திங் பக்கம் தோட்டம்” என்பார். தோட்டத்தின் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும். அங்கிருந்து வந்து முப்பது வருடமாவது ஆகியிருக்கும். லயங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு தொழிற்பேட்டை இருக்கலாம், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி இருக்கலாம். அதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைச் சுழற்றுவார். சீக்கிரம் பாட்டுக்குப் போ என்று அர்த்தம். நான் இன்னும் ஒரு கேள்வி கேட்பேன். அடுத்து அழைக்கிறவர் சில நேரம் பாட்டே கேட்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். “இப்ப பேசினாங்களே ஓர் அக்கா, அவங்க மேல் லயமா, கீழ் லயமா?” என்று விசாரிக்கத்தான் அழைத்திருப்பார்.

ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது நேயர்களை வகைப்படுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். வயது, வருமானம், கல்வி, மாநிலம். இல்லாமல் போன ஊரைத் தன் முகவரியாகச் சொல்கிறவரை அதில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இளையவர்கள் அழைப்பது குறைவு. புலனத்தில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். பதினைந்து விநாடிக்குள் பெயர், பாட்டு, யாருக்கு என்பதெல்லாம் முடிந்துவிடும். இடம் இருக்காது. திருப்பிக் கேட்டால் ‘கே.எல்.’ என்று வரும். சிப்பாங்கில் இருந்தாலும் கே.எல்.தான். அம்மா அப்பாவுக்கு எந்த ஊர் என்று கேட்டேன் ஒரு பையனிடம். “ஏதோ எஸ்டேட் அக்கா. பேரு அம்மாவுக்குத்தான் தெரியும்.”

பெரியவர்கள் இதைக் கேட்டு உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக வருத்தப்பட முடியவில்லை. அந்தப் பையனுக்கு அந்தப் பெயரை யார் சொல்லியிருக்க வேண்டும்?

தோட்டம் என்பது ஒரு முழு ஊர். பால்மரக் காடு, லயம், பிரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும். 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, பெரும்பாலானவை தோட்டங்களுக்குள். இன்று சுமார் 530. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பல்லாயிரம் பேர் கப்பலேறிப் போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால் வெட்டத் தேவைப்பட்ட அத்தனை கைகள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிலாங்கூரில் நகரமே தோட்டத்துக்குள் வந்துவிட்டது. சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேயும் சீபீல்டு தோட்டம். 1998 காமன்வெல்த் போட்டிகள் நடந்த தேசிய அரங்கத்துக்குப் போகிறவர்கள் புக்கிட் ஜாலில் தோட்டத்துக்குத்தான் போகிறார்கள்.

இவற்றில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது பிராங் பெசார். முதல் உலகப் போர் முடிந்து, பிரிட்டிஷ் படையில் இருந்தவர்கள் வந்து ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன் வளர்த்த ரப்பர் தோட்டம். மலாய் மொழியில் ‘பெரிய போர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நல்ல பால் தரும் ரப்பர் மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டிப் பெருக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. பிபி 86 என்ற ரப்பர் ரகம் உலகில் ரப்பர் விளையும் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அந்த ‘பிபி’ வேறொன்றுமில்லை, பிராங் பெசார்தான். 1995இல் அந்த நிலத்தில் புதிய நிர்வாகத் தலைநகரைக் கட்டத் தொடங்கினார்கள். 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. 2001 பிப்ரவரி 1இல் புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசமானது. பிராங் பெசார், கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். தரை வீடு தருவதாகச் சொன்ன வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தது ஒரு தலைமுறைக் காலம்.

கடப்பிதழ் எடுக்கவும் வேலை நேர்காணலுக்கும் புத்ராஜெயா போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாடப் புத்தகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். காரில் போகும்போது வீட்டில் யாராவது சொல்லலாம்.

இப்படிப் பேசினால் உடனே ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. தோட்ட வாழ்க்கையைப் பற்றி நான் ஒருமுறை நிகழ்ச்சி செய்தபோது, முன்னுரையாகக் கொஞ்சம் மண்வாசனை, கொஞ்சம் புல்லாங்குழல் சேர்த்திருந்தேன். அன்று மாலையே என் அத்தை கூப்பிட்டுவிட்டார். “காலைல நாலு மணிக்கு எழுந்து, பிள்ளையத் தூக்கத்தோட தூக்கிட்டுப் போயி ஆயாக் கொட்டகைல போட்டுட்டு, இருட்டுல கொசுக்கடியில மரம் வெட்டினது நான். உனக்கு என்ன வாசனை அடிச்சுது?” மாமா சம்பளத்தன்று நேராகக் கள்ளுக்கடைக்குப் போன கதையையும் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

அத்தை சொன்னதில் எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. “அது நம்ம வீடே இல்லடி. வேலை இருந்தா வீடு. வேலை போனா சாவியக் குடுக்கணும்.” எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. கோல லங்காட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். என் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் அந்தத் தோட்டத்தின் பெயர்தான். எனக்கு ஆறு வயதாகும்போது, 1996இல், அப்பாவின் வேலை போனது. நிர்வாகம் கொடுத்த கெடு ஒரு மாதம். நாற்பது ஆண்டு தாத்தாவும் அப்பாவும் இருந்த வீட்டில் எங்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை.

இவ்வளவையும் சொன்ன அதே அத்தை, கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அறிமுகமில்லாத அம்மாவிடம் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? “நீங்க எந்தத் தோட்டம்?” பதில் வந்தால் போதும், பத்து நிமிடத்தில் அந்த அம்மாவின் கொழுந்தனார் இவருக்கு உறவாகிவிடுவார். பத்திரம், கிராண்ட் எதுவும் இல்லாத மக்களுக்கு ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள இந்தப் பெயர்கள்தாம் இருந்தன. கஷ்டப்பட்ட இடத்தின் பெயரை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்கிற இளையவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

இதனால்தான் பள்ளிப் பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. சீபீல்டு, புக்கிட் ஜாலில், எடின்பர்க் என்று பல தமிழ்ப்பள்ளிகள் இன்று நகரத்தின் நடுவே இருக்கின்றன. பெயரில் மட்டும் ‘லாடாங்’, அதாவது தோட்டம், ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் காண்டோமினியம். பிள்ளை படிக்கிற பள்ளியின் பெயர் பின்தங்கிய மாதிரி இருக்கிறது, அந்தச் சொல்லை எடுத்துவிடலாமே என்று சில பெற்றோர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எடுக்கக் கூடாது. அந்த வட்டாரத்தில் தோட்டம் இருந்தது என்பதற்கு அரசாங்கத்தின் சொந்தப் பதிவேட்டில் தங்கியிருக்கிற சாட்சி பல இடங்களில் அந்த ஒரு சொல்தான்.

அரசியலுக்கு வருவோம். தாத்தா காலத்தில் ஓட்டு பெரிய விவகாரமில்லை. தோட்டத்துத் தலைவர் சொல்கிற படத்துக்கு நேரே கோடு போடுவார்கள். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதிகளில் இறங்கிய கூட்டம் அந்தப் பழக்கத்தை உடைத்தது. கோயில்கள் இடிக்கப்பட்ட கோபம் அதில் பெரும்பங்கு. அந்தக் கோபத்துக்குக் கீழே, இடம் இல்லாமல் போனவர்களின் கோபம். 2018 மே 9இல் அறுபது ஆண்டு ஆட்சி மாறியது. அன்றிலிருந்து 2022 நவம்பருக்குள் நான்கு பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மூன்று கட்சி. பரவாயில்லை, சோறு ஒன்றுதான்.

ஆனால் எங்கள் வீட்டின் உண்மையான அரசியல் சண்டை கட்சி பற்றியதல்ல, முகவரி பற்றியது. அம்மா தோட்டத்தை விட்டு வந்து இருபது ஆண்டு கழித்தும் தன் வாக்காளர் பதிவை மாற்றவில்லை. காஜாங்கில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்துகொண்டு, ஓட்டு மட்டும் கோல லங்காட்டில். ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்புவார், கோயில் திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரி. வாக்களிப்பு மையம் அவர் படித்த அதே தமிழ்ப்பள்ளி.

2018இல் நான் வண்டி ஓட்டிப் போனேன். புதன்கிழமை. ஓட்டுப் போட இருபது நிமிடம், பேசி முடிக்க மூன்று மணி நேரம். ஷா ஆலமிலிருந்தும் ஜொகூரிலிருந்தும்கூடப் பழைய லயத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். யார் யார் செத்துப்போனார்கள் என்று அங்கேதான் கணக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பழைய வீட்டையும் போய்ப் பார்த்தோம். எங்கள் தோட்டம் நகரமாகவில்லை, செம்பனையாகத்தான் இருக்கிறது. லயத்தில் வங்காளதேசத் தொழிலாளர்கள். அம்மா நட்ட கருவேப்பிலை மரம் வாசலில் கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த பையனிடம் அம்மா மலாயில் கேட்டார்: ஊர் எது? அவன் ஏதோ ஒரு பெயர் சொன்னான், எங்களுக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லி, சரியாக உச்சரிக்கும்வரை அம்மா விடவில்லை. கிளம்பும்போது அவனே இரண்டு கொத்துக் கருவேப்பிலை ஒடித்துக் கொடுத்தான்.

காரில் வரும்போது அம்மா அதிகம் பேசவில்லை. “அவனுக்கும் வேலை இருக்கிற வரைக்கும்தானே வீடு” என்றார் ஒருமுறை.

தம்பி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: “இங்க லிஃப்ட் ஓடல, குப்பை அள்ளல. ய.பி.கிட்ட போய்ச் சொன்னா, நீங்க என் தொகுதியே இல்லையேங்கிறாரு. ஓட்ட இங்க மாத்துங்கம்மா.” அம்மாவுக்கு அது அந்தப் பள்ளியை விட்டுக்கொடுப்பது. வருடத்துக்கு ஒருமுறைகூட இல்லாமல் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற ஊர் அது. நான் யார் பக்கமும் சேரவில்லை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அது இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. முழங்கால் வலி வந்த பிறகு, ஒரு நாள் அம்மாவே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தம்பியோடு போய் முகவரியையும் பதிவையும் மாற்றிவிட்டு வந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

2022 நவம்பர் 19இல் பக்கத்துத் தேசியப் பள்ளியில் வரிசை. அக்கா மகளும் வந்திருந்தாள். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய திருத்தம் நடைமுறைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை; அவளுக்கு அது முதல் ஓட்டு. விரல் மையைப் படம் பிடித்து உடனே ஏற்றிவிட்டாள். அம்மா பட்டுச்சேலை கட்டவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் நின்றவர் இரண்டாவது மாடி மலாய்க்காரப் பெண்மணி. படியில் பார்த்துப் புன்னகைத்த பழக்கம் மட்டுமே. வெயிலில் வரிசை நகரவில்லை. அவர் திரும்பி, “ஆண்ட்டி, கம்போங் டி மானா?” என்றார். சொந்த ஊர் எது என்று. அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அவர் கிளந்தான், ஓட்டு இங்கே, மனசு அங்கே என்று சிரித்தார். பெருநாளுக்கு ஊருக்குப் போக எத்தனை மணி நேரம், வழியில் எங்கே நெரிசல், அங்கே யார் இருக்கிறார்கள் என்று பேச்சு நீண்டது. “உங்க ஊர்ல இப்ப யாரு இருக்கா?” என்று அவர் கேட்டதற்கு, அம்மா கொஞ்சம் யோசித்து, “ஒரு கருவேப்பிலை மரம்” என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மின்தூக்கி பழுதைப் பற்றி நகராட்சி மன்றத்துக்கு ஒரு புகார் கடிதம், மாடி மாடியாகக் கையெழுத்து. நான்காவது மாடிக்கு அம்மாவே கூடப் போனார். தோட்டத்தில் கற்ற மலாயில், எட்டு வீட்டிலும் பேசினார். ஏழு வீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார். எட்டாவது வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். இரவு மறுபடியும் போனார்கள்.