மாதிரி ஒன்று, மூட்டை வேறா?

சேலத்தில் ஜவ்வரிசி வாங்க வரும் வியாபாரி ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பது இல்லை. மாதிரியைத்தான் பார்க்கிறார். உள்ளங்கையில் போட்டு உருட்டுகிறார். நிறம் எப்படி, பருமன் எப்படி என்று பார்க்கிறார். விலையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

1981-ம் ஆண்டு அமைந்த 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கத்தில் வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. ஆலைகள் சரக்கைக் கிடங்கில் கொண்டுவந்து அடுக்குகின்றன. அதில் இருந்து மாதிரி எடுக்கப்படுகிறது. வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை கேட்கிறார்கள்.

மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்து, மூட்டையில் பழுப்பு ஜவ்வரிசி வந்தால் என்ன ஆகும்? அப்புறம் யார் அந்தச் சங்கத்தை நம்பி விலை கேட்பார்கள்?

இந்தக் கவலை கம்ப்யூட்டர்காரர்களுக்கும் உண்டு! சேலத்தை அடுத்த கருப்பூரில் 2024-ம் ஆண்டு நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் ஏராளமான பேர் மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். "உனக்கு என்னப்பா வேலை?" என்று வீட்டில் கேட்டால், "பில்டு போடுகிறேன்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அது என்ன பில்டு?

கிழங்கும் ஜவ்வரிசியும்

மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆகிவிடாது. தோல் உரிக்க வேண்டும். கழுவி அரைத்துப் பால் எடுக்க வேண்டும். மாவு படிய வேண்டும். அதை உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்த பிறகே ஜவ்வரிசி.

மென்பொருளும் அப்படித்தான். மனிதர் எழுதுவது மூல நிரல். அது கிழங்கு. அதை அரைத்து, மற்றவர்கள் எழுதிவைத்த துண்டு நிரல்களையும் சேர்த்து, ஓடக்கூடிய பொருளாகக் கட்ட வேண்டும். கட்டி முடித்த அந்தச் சரக்குக்கு 'பில்டு ஆர்ட்டிபேக்ட்' என்று பெயர். செல்போனில் பாங்கிக் கணக்கு பார்க்கும் 'ஆப்' இருக்கிறதே, அது இப்படி வந்து இறங்கிய சரக்குதான்.

முன்பெல்லாம் புதிய சரக்கு வர மாதக்கணக்கு ஆகும். இப்போது பெரிய கம்பெனிகளில் ஒரே நாளில் பல தடவை வருகிறது. கட்டும் இடம், சோதிக்கும் இடம், ஒத்திகை பார்க்கும் இடம், கடைசியில் ஜனங்கள் பயன்படுத்தும் இடம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிறது. இந்த வரிசைக்குப் 'பைப்லைன்' என்கிறார்கள். கட்டிய சரக்குகளில் எதை அடுத்த இடத்துக்கு அனுப்புவது என்பதுதான் பெரிய கேள்வி.

ஒரே கிழங்கு, வேறு வெயில்

சோதனை முடிந்தது. சரக்கு நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். "அதே நிரல்தானே! ஜனங்களுக்கு அனுப்ப இன்னொரு தரம் கட்டிக்கொள்ளலாம்" என்று புதிதாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

ஒரே தோட்டத்துக் கிழங்கு. ஒரே ஆலை. நேற்று சுள்ளென்று வெயில். இன்று மேகமூட்டம். இரண்டு நாள் ஜவ்வரிசியும் ஒன்றாகுமா?

நிரலைக் கட்டும் கருவி இடையில் மாறியிருக்கலாம். இரவல் வாங்கிய துண்டு நிரலை அதன் சொந்தக்காரர் திருத்தியிருக்கலாம். அடியோடு எடுத்தும் விடலாம்! 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் அப்படி நடந்தது. 'லெப்ட்-பேட்' என்பது வெறும் 11 வரி நிரல். எழுத்துக்களுக்கு இடது பக்கம் இடம் நிரப்புவதே அதன் வேலை. எழுதியவருக்கு ஒரு தகராறில் கோபம் வந்தது. பொதுக் கிடங்கில் இருந்து அதை எடுத்துவிட்டார். உலகம் எங்கும் ஆயிரக்கணக்கான பில்டுகள் முறிந்தன. முதல் நாளே கட்டி வைத்த சரக்கு உள்ளவர்களுக்கு மட்டும் வேலை நிற்கவில்லை.

ஆகவே, சோதித்த சரக்கையே கடைசி வரை கொண்டுபோக வேண்டும். நடுவில் திரும்பக் கட்டக்கூடாது. பாஸ்வேர்டு, முகவரி போன்ற இடத்துக்கு இடம் மாறும் விவரங்களை மூட்டைக்குள் வைத்துக் கட்டவும் கூடாது. அவற்றை வெளியே தனியாக வைத்தால்தான் ஒரே மூட்டை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

மூட்டைச் சீட்டிலும் கவனம் வேண்டும். பலர் 'லேட்டஸ்ட்' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். மூட்டையின் மேல் "இன்று வந்தது" என்று எழுதுகிற மாதிரிதான் இது. நாளைக்கு எது இன்று வந்தது? எண் போட்ட மூட்டைதான் மூட்டை.

45 நிமிடத்தில் 2,500 கோடி

எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் 'நைட் கேப்பிட்டல்' என்ற பங்குச்சந்தைக் கம்பெனி இருந்தது. பெரிய கம்பெனி. அது 8 கம்ப்யூட்டர்களில் புதிய நிரலைப் போட வேண்டியிருந்தது. ஊழியர் ஏழில் போட்டார். ஒன்று விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை.

விட்டுப்போன கம்ப்யூட்டரில் பழைய நிரல் ஒன்று கிடந்தது. 2003-ம் ஆண்டோடு பயன்பாடு நின்றுபோன நிரல். புதிய நிரலை எழுப்ப வைத்த அடையாளமே பழையதையும் எழுப்பும் என்று யாரும் கவனிக்கவில்லை.

2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி சந்தை திறந்தது. பழைய நிரல் விழித்துக்கொண்டது! பங்குகளை வாங்கு, விற்று, வாங்கு என்று நிற்காமல் ஆர்டர் போட்டுத் தள்ளியது. அதிகாரிகள் அலறி அடித்து ஓடினார்கள். கோளாறு புது நிரலில் என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு கம்ப்யூட்டர்களில் இருந்தும் அதை எடுத்தார்கள். அவ்வளவுதான். எட்டும் சேர்ந்து ஆடத் தொடங்கின.

45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய்! கம்பெனி தனித்து நிற்க முடியாமல், மறு ஆண்டு இன்னொரு கம்பெனியோடு இணைந்துவிட்டது.

எட்டு மூட்டைகளுக்கும் சீட்டைச் சரிபார்க்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

முத்திரைக்கு முன்பே கலப்படம்

சரக்கு வழியில் மாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. கட்டிய உடனே அதற்குக் கணக்குப் போட்டு ஒரு கைரேகை எடுக்கிறார்கள். 64 எழுத்தும் எண்ணும் கொண்ட வரிசை அது. சரக்கில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுக்க மாறிவிடும். இறங்கும் இடத்தில் திரும்பக் கணக்குப் போட்டு ஒப்பிடலாம். மேலே கம்பெனி முத்திரையும் உண்டு.

அதையும் ஏமாற்றினார்கள். 2020-ம் ஆண்டு டிசம்பரில் வெளியே வந்தது 'சோலார்விண்ட்ஸ்' விவகாரம். திருடர்கள் முத்திரையைத் தொடவே இல்லை. கட்டும் கம்ப்யூட்டருக்குள்ளேயே புகுந்து, கட்டும்போதே கள்ள நிரலைக் கலந்துவிட்டார்கள். கலப்படச் சரக்கின் மேல் கம்பெனியின் அசல் முத்திரை விழுந்தது. சுமார் 18 ஆயிரம் வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சரக்கு போயிற்று. அமெரிக்க அரசு இலாகாக்களும் அதில் உண்டு.

இதற்கு மாற்றாக 'டெபியன்' குழுவினர் போன்றவர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள். ஒரே நிரலை வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகக் கட்டி, கைரேகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கோளாறு! வெயில் மாறினாலும் ஜவ்வரிசி மாறாதபடி செய்கிற வேலை இது. லேசான காரியம் அல்ல.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில்

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டு கொடுத்தார்கள். நினைவு இருக்கிறதா?

'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்புக் கம்பெனி இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. சோதனை செய்யும் நிரலிலேயே ஓட்டை இருந்ததால் பிழை தப்பிவிட்டது. முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்க்காமல், எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பிவிட்டார்கள். 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது.

அதனால்தான் விவரம் தெரிந்த கம்பெனிகள் நூறில் ஒருவருக்கு முதலில் அனுப்பிப் பார்க்கின்றன. நேற்று வரை நன்றாக ஓடிய பழைய மூட்டையையும் கிடங்கில் பத்திரமாக வைத்திருக்கின்றன. கிடங்கு வாடகை மிச்சம் என்று பழையதைத் தூக்கிப் போட்டவர்கள் இரவோடு இரவாகத் திண்டாடியது உண்டு.

வீட்டில் செல்போன் இருக்கிறதா? 'செட்டிங்ஸ்' உள்ளே போய் ஏதாவது ஓர் 'ஆப்' பெயரைத் தொட்டுப் பாருங்கள். அடியில் 'வெர்ஷன்' என்று போட்டு, புள்ளி வைத்த எண்கள் சின்னதாக இருக்கும். அதுதான் மூட்டைச் சீட்டு. 'ஆப்' தகராறு செய்தால், கம்பெனிக்காரர் போனில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.