மாரிகால வாவியும் நீந்துவோரின் உடற்சூடும்

மட்டக்களப்பு வாவியில் இறங்கிக் குளிரால் உயிரிழந்தவர் உண்டா என்று கேட்போர் நம்மிடையே பலர். குளிர்நீர் ஆபத்து என்பது மேலைநாட்டாருக்கே உரியது என்ற எண்ணம் நமது மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. நவம்பரில் தொடங்கும் வாடைக்காற்றிலும் மழையிலும் குருக்கள்மடத்திற்கும் அம்பிளாந்துறைக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பில் இரவு முழுவதும் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசும் தொழிலாளி, தமிழராயினும் முஸ்லிமாயினும், இவ்வெண்ணத்தை ஏற்கமாட்டார். விடியற்காலையில் வலையின் முடிச்சை அவிழ்க்க விரல்கள் மறுப்பதை அவர் அனுபவத்தில் அறிவார்.

காரணம் எளிது. நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்கிறது. நீரில் அசையாதிருக்கும் ஒருவரின் உடற்சூடு குறையாதிருக்க அந்நீர் 33 பாகை செல்சியஸையேனும் எட்டியிருக்க வேண்டும். நமது கரையோர நீர் மாரியில் அதைவிடப் பல பாகைகள் குறைந்துவிடுகிறது. ஆகவே இங்கு ஆபத்து நிமிடங்களில் வருவதில்லை. மணித்தியாலங்களில், ஓசையின்றி வருகிறது. 37 பாகையளவில் இருக்க வேண்டிய உடலின் உள்வெப்பம் 35இற்குக் கீழிறங்கினால் அதனை மருத்துவர்கள் தாழ்வெப்பநிலை என்கின்றனர். முதலில் நடுக்கம், பின்னர் கைகால் சோர்வு, அதன் பின் புத்தித் தடுமாற்றம். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியானால் தேறிவிட்டார் என்று கருதுவது பெருந்தவறு. உடல் தோற்கத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

நீந்துவதில் நம்மவர் எவருக்கும் சளைத்தவரல்லர். தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலங்களில் நீந்தி உலகை வியக்கவைத்தார். அத்தகைய வீரரே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியின்போது உயிர் நீத்தார். கோடையிலும் 15 முதல் 18 பாகை வரையே இருக்கும் நீர் அது. அங்கு நீந்துவோர் வெப்ப உடை அணிவதை விதிகள் அனுமதிப்பதில்லை. உடலில் பூசும் கொழுப்புக் களிம்பு குளிரைத் தடுக்கும் என்று இன்றும் பலர் நம்புகின்றனர்; அது தோல் உராய்வைக் குறைக்கிறதேயன்றிச் சூட்டைக் காப்பதில்லை. அந்நீந்துநர்களைக் காப்பவை பல மாதங்கள் குளிர்நீரில் பழகிய உடலும், துணைப்படகிலிருந்து இடையிடையே கிடைக்கும் சூடான பானமும், போதும் என்று சொல்லக்கூடிய ஒரு துணையுமே.

இம்மூன்றில் கடைசியானது நமக்கும் எட்டக்கூடியது. மாரியில் தனியாக நீந்தக்கூடாது. கரையை ஒட்டியே நீந்த வேண்டும். நடுக்கம் தொடங்கியதும் கரையேற வேண்டும். தோணி கவிழ்ந்தால் தொலைவிலுள்ள கரையை நோக்கி நீந்துவதைவிடத் தோணியைப் பற்றிக்கொண்டு, முழங்கால்களை மார்போடு அணைத்து அசையாதிருப்பதே சூட்டைக் காக்கும். கைகால்களை வீசும்போது உடலை ஒட்டிய வெதுவெதுப்பான நீர் விலகி, புதிய குளிர்நீர் அவ்விடத்தை நிரப்புகிறது.

கரையேறிய பின்னரும் சிறிது நேரம் உள்வெப்பம் தொடர்ந்து இறங்கும் என்பதைப் பலர் அறியார். ஈரச் சாரத்துடன் வாடைக்காற்றில் நின்று கதை பேசுவது அதனை விரைவுபடுத்தும். முதலில் ஈர உடையைக் களைந்து உடலைத் துவட்டி, உலர்ந்த உடை அணிந்து, தலையையும் போர்த்த வேண்டும். பின்னர் சீனி கலந்த சூடான தேநீர் அருந்தலாம். குளிருக்குச் சாராயம் நல்லது என்பது வாவிக்கரையில் பழகிப்போன பேச்சு. மது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே எஞ்சிய சூட்டையும் வெளியேற்றிவிடும். சூடேறுவதாகத் தோன்றுவது வெறும் மயக்கமே. கைகால்களைத் தேய்த்துவிடுவதும் நெருப்பருகே நெருக்கமாக அமர்த்துவதும் தீங்கே.

பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாது, படுத்த நிலையிலேயே போர்த்தி, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை போன்ற அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சும் நாடியும் மிக மெதுவாக இருக்கக்கூடும் என்பதால், உயிரில்லை என்று கரையில் நிற்போர் முடிவுகட்டக்கூடாது.