தள்ளுபடி கொடுத்த கார் கடைகளுக்கு அபராதம்! வாடிக்கையாளர் வேடத்தில் வந்து உளவு பார்த்தார்கள்!!

கண்ணமங்கலம்,-

கார் ஷோரூமுக்குள் ஒருவர் நுழைகிறார். கதவை திறந்து பார்க்கிறார். சீட்டை தட்டி பார்க்கிறார். “கடைசி விலை சொல்லுங்க. இன்னிக்கே அட்வான்ஸ் கட்டறேன்” என்கிறார்.

விற்பனையாளர் அக்கம் பக்கம் பார்க்கிறார். “உங்களுக்காக இன்னும் கொஞ்சம் கொறைக்கறேன் சார். வெளியே சொல்லாதீங்க” என்று காதோடு காதாக சொல்கிறார்.

வந்தவர் தலையை ஆட்டிவிட்டு போய்விடுகிறார்.

அவர் கார் வாங்க வந்தவரே அல்ல! உளவு பார்க்க வந்த ஆசாமி! பேசிய பேச்சு ரகசியமாக பதிவாகி, கம்பெனிக்கு போய்விடும். “ஏன் கூடுதல் தள்ளுபடி கொடுத்தாய்?” என்று கடைக்கு ஈமெயில் வரும். பதில் திருப்தி இல்லை என்றால் கடைக்கும் அபராதம், ஊழியருக்கும் அபராதம்!

இது சினிமா கதை அல்ல. நாட்டின் பெரிய கார் கம்பெனியான மாருதி சுசுகி மீதான வழக்கில் இந்த உளவு வேலை அம்பலமானது.

கண்ணமங்கலம், ஆரணி பக்கம் தறி ஓட்டியும், பால் ஊற்றியும், சீட்டு கட்டியும் சேர்த்த காசில் முதல் கார் வாங்க போகிறவர்கள் இதை கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அனாமதேய கடிதம்

2017-ம் ஆண்டு டெல்லியில் உள்ள இந்திய போட்டி ஆணையத்துக்கு ஈமெயிலில் ஒரு அனாமதேய கடிதம் வந்தது. எழுதியவர் தன்னை ஒரு மாருதி டீலர் என்று சொல்லிக் கொண்டார். மராட்டிய மாநில பகுதியில் டீலர்கள் இஷ்டப்படி தள்ளுபடி கொடுக்க முடியவில்லை, கம்பெனி தடுக்கிறது என்பது புகார்.

ஆணையம் தானாகவே வழக்கை எடுத்தது. 2019-ல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 23-8-2021 அன்று தீர்ப்பு வந்தது.

“தள்ளுபடி கட்டுப்பாட்டு கொள்கை” என்று ஒன்றை கம்பெனி வைத்திருந்தது. கம்பெனி குறித்து கொடுத்த அளவுக்கு மேல் டீலர் ஒரு ரூபாய் குறைத்தாலும் குற்றம். இலவச பொருள் கொடுத்தாலும் அதே கதைதான். மீறினால் அபராதம். சிலருக்கு “கார் சப்ளையை நிறுத்துவோம்” என்ற மிரட்டலும் இருந்தது. அபராத பணத்தை எங்கே கட்ட வேண்டும், எதற்கு செலவழிக்க வேண்டும் என்பதையும் கம்பெனியே சொன்னது. இதெல்லாம் ஆணையம் தன் உத்தரவில் கூறியவை.

கம்பெனிக்கு விதித்த அபராதம் ரூ.200 கோடி!

வாடிக்கையாளர்களின் நலனுக்காகவே எப்போதும் செயல்பட்டு வருவதாக கம்பெனி அறிக்கை விட்டது. அப்பீலும் செய்தது. 2021 நவம்பரில், அபராதத்தில் 10 சதவீதத்தை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வசூலை அப்பீல் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது.

இதற்கு முன்பே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை நடத்தும் ஹூண்டாய் கம்பெனிக்கும் இதே மாதிரி புகாரில் 2017-ல் ரூ.87 கோடி அபராதம் விழுந்தது. ஆனால் 2018 செப்டம்பரில் அப்பீல் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது.

“சிஸ்டம் ஏத்துக்காதுண்ணே!”

இதில் சாதாரண ஜனங்களுக்கு என்ன பாடம்?

கண்ணமங்கலத்தில் இருந்து ஒரு நெசவாளர் குடும்பத்தோடு வேலூருக்கு கார் பார்க்க போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பேச்சு இப்படித்தான் நடக்கும்.

“இன்னா தம்பி, வெலய கொஞ்சம் பாத்து போடக்கூடாதா?”

“சிஸ்டம் ஏத்துக்காதுண்ணே. எல்லா கடையிலயும் இதே விலைதான். சந்தேகம்னா விசாரிச்சுக்கோங்க.”

நெசவாளர் வாயை மூடிக் கொள்கிறார். ‘நமக்கு பேரம் பேச தெரியலையோ’ என்று கூச்சமாகவும் இருக்கிறது. பெண்சாதி பிள்ளைகள் வேறு பக்கத்தில் நிற்கிறார்கள்.

கூச்சப்பட வேண்டியதில்லை. விலை குறைப்பது பல சமயம் அந்த விற்பனையாளர் கையிலேயே இல்லை. மாருதி வழக்கில் விற்பனையாளர் முதல் ஷோரூம் மேனேஜர் வரை ஆளாளுக்கு அபராதம் விதிக்கப்பட்டதாக சொல்லப்பட்டது. அப்படிப்பட்டவரிடம் கார் விலையை மட்டும் பிடித்துக் கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினால் காபி ஆறிப்போகுமே தவிர காசு குறையாது.

பேரம் பேச வேண்டிய இடமே வேறு. அது பில்லில் இருக்கிறது!

அந்த காலம்

பழைய ஆட்களை கேட்டால் சிரிப்பார்கள். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர் இருந்த காலத்தில் பேரமாவது, ஒன்றாவது! 1959-ல் வந்த கட்டுப்பாட்டு உத்தரவின்படி கார் வினியோகமே சர்க்கார் பிடியில் இருந்தது. 1969-ல் விலையையும் சர்க்காரே நிர்ணயித்தது. அந்த விலை சண்டை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

பணம் கட்டிவிட்டு வருஷ கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் விலைக்கு மேல் “ஆன்” பணம் கொடுத்து அடுத்தவரின் பதிவு சீட்டை வாங்கினார்கள்.

14-12-1983 அன்று பிரதமர் இந்திரா காந்தி, டெல்லியை சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் முதல் மாருதி காரின் சாவியை கொடுத்தார். 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோவும் டாடா இண்டிகாவும் வந்தன. போட்டி பிறந்தது. பேரமும் பிறந்தது.

புடவை கணக்கு

ஆரணி பட்டு புடவைக்கு விலை பேச வருகிற வியாபாரி மொத்த விலையை மட்டுமா கேட்பார்? பட்டு நூல் எவ்வளவு, சரிகை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து பிரித்து கேட்பார். அவரிடம் தினமும் மல்லுக்கட்டும் நெசவாளருக்கு இது தலைகீழ் பாடம்.

கார் பில்லையும் அப்படியே பிரிக்க வேண்டும். “ஆன் ரோடு எவ்ளோ?” என்று ஒரே வார்த்தையில் கேட்டு, ஒரே தொகையை மனதில் வாங்கிக் கொண்டு வீடு திரும்பினால் போச்சு. எல்லாவற்றையும் வரிவரியாக எழுதி, கடை முத்திரையோடு கொட்டேஷன் வாங்க வேண்டும்.

அதில் இரண்டு வகை உண்டு. சர்க்காருக்கு போகிற பணம். அதில் யாரும் குறைக்க முடியாது. கடைக்கு போகிற பணம், அங்கேதான் பேரம்.

குறையாத பணம்

தமிழ்நாட்டில் 9-11-2023 முதல் புதிய சாலை வரி அமலுக்கு வந்தது. ரூ.5 லட்சம் வரை உள்ள காருக்கு 12 சதவீதம். ரூ.5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அதையும் தாண்டினால் 20 சதவீதம்.

ரூ.6 லட்சம் காருக்கு 13 சதவீதம் என்றால் ரூ.78 ஆயிரம். வேலூரில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் இதே விகிதம்தான். கடைக்காரர் எழுதும் தொகை இதோடு ஒத்து போகிறதா என்று வீட்டிலேயே கணக்கு போட்டு பார்க்கலாம்.

ரூ.10 லட்சத்துக்கு மேல் விலை உள்ள காருக்கு 1 சதவீதம் தனியாக பிடிப்பார்கள். அது வருமான வரி கணக்கில் வரவு வைக்கப்படும். 

22-9-2025 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்சும் இருந்தது. 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார், 1,500 சி.சி.க்குள் உள்ள டீசல் கார் ஆகியவைதான் சின்ன கார். மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். இது வரி குறைப்பு. “நாங்க குறைச்சு தர்றோம்” என்று கடை சொன்னால் அதை தள்ளுபடியாக எண்ணி ஏமாறக்கூடாது.

பேரம் பேசும் இடம்

முதலாவது, இன்சூரன்ஸ். பெரிய தொகை ஒளிந்திருப்பது இங்கேதான். “எங்ககிட்டயே போடணும். வெளியே போட்டா தள்ளுபடி கிடையாது” என்பார்கள். கட்டாயப்படுத்தக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி போட்டுவிட்டது. எந்த கம்பெனியிலும் போடலாம்.

புது காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 3 வருஷத்துக்கு கட்டாயம். கோவையை சேர்ந்த எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன் போட்ட சாலை பாதுகாப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவால் 1-9-2018 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் சொந்த காருக்கான சேத இன்சூரன்ஸ் 1 வருஷத்துக்கு போட்டால் போதும். “மூணு வருஷமும் சேர்த்துதான்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெளியில் இரண்டு இடத்தில் விசாரித்து, அந்த தாளை மேஜை மேல் வைத்தாலே கடைக்காரரின் தொகை பல சமயம் இறங்கிவிடும்.

இரண்டாவது, “ஹேண்ட்லிங் சார்ஜ்”, “லாஜிஸ்டிக்ஸ்” என்று வரும் தொகை. இது சர்க்கார் வரி அல்ல. “எதுக்கு இது? தனி ரசீது குடுங்க” என்று கேட்க வேண்டும். ரசீது கொடுக்க முடியாத பணத்தை கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, மேட்டு, சீட் கவர், “பேசிக் கிட்”, பெயிண்டுக்கு பூச்சு, கூடுதல் வாரண்டி. வேண்டும் என்றால் வாங்கலாம். வேண்டாம் என்றால் அடித்துவிட சொல்லலாம். கார் விலையில் குறைக்க முடியாத கடைகூட இந்த பகுதியில் இறங்கி வரும்.

நான்காவது, பழைய வண்டி. கடையில் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் விலையை வெளி மார்க்கெட் விலையோடு ஒப்பிட வேண்டும். ஒரு கையில் போனஸ் கொடுத்து மறு கையில் பழைய வண்டி விலையை அமுக்குவது கில்லாடி வேலை!

வட்டியில் மோசம்

ஐந்தாவது, கடன். இங்கே ஏமாந்தால் மேலே மிச்சம் பிடித்தது அத்தனையும் காலி.

ரூ.5 லட்சம் கடன். 5 வருஷம். வட்டி 8 சதவீதம். “பிளாட்” வட்டி என்றால் மொத்த வட்டி ரூ.2 லட்சம். குறையும் அசலுக்கு வட்டி என்றால் சுமார் ரூ.1 லட்சத்து 8 ஆயிரம்தான். அதே 8 சதவீதம். ஆனால் வித்தியாசம் ரூ.92 ஆயிரம்!

மாத தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்கக்கூடாது. “மொத்தம் எவ்ளோ கட்டி முடிப்பேன்?” என்று கேட்க வேண்டும்.

டெலிவரி நாளில்

கார் கைக்கு வரும் நாளில் மாலை, தேங்காய், போட்டோ எல்லாம் தடபுடலாக நடக்கும். சந்தோஷத்தில் கண் மறைக்கும். அதற்கு முன்பு பகல் வெளிச்சத்தில் காரை சுற்றி வந்து பார்க்க வேண்டும். 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் நம்பர் பில்லோடு ஒத்து போகிறதா என்று பார்க்க வேண்டும்.

விற்பனை சான்றிதழான 21-ம் நம்பர் படிவத்தில் கார் தயாரான மாதமும் வருஷமும் இருக்கும். ஜனவரியில் வாங்கும் காரில் போன வருஷம் போட்டிருந்தால், விற்கும்போது விலை அடிபடும். அதை சொல்லி தள்ளுபடி கேட்பது நியாயமான பேரம். கையெழுத்து போட்ட பிறகு கேட்டால் பலன் இல்லை.

தற்காலிக பதிவோ நிரந்தர பதிவோ இல்லாமல் காரை டெலிவரி கொடுக்கக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி. “நம்பர் அப்புறம் வரும், ஓட்டிக்கிட்டு போங்க” என்றால் சாவியை வாங்காதீர்கள்.

எங்கே புகார்?

ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு போடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கோர்ட்டு கட்டணம் இல்லை. அதற்கு மேல் ரூ.10 லட்சம் வரை ரூ.200 மட்டுமே.

ஆனால் எல்லாவற்றுக்கும் தாளில் ஆதாரம் வேண்டும். வாயால் சொன்ன தள்ளுபடி கோர்ட்டில் நிற்காது. “சீட் கவர் ஃப்ரீ” என்று விற்பனையாளர் சொன்னால் அதையும் கொட்டேஷனில் எழுத சொல்ல வேண்டும். எழுத தயங்கினால் அந்த பேச்சை கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரே கடையில் முடிக்காமல் வேலூர், ஆரணி, திருவண்ணாமலை என்று இரண்டு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி வந்து, வீட்டில் விளக்கடியில் வைத்து வரிக்கு வரி ஒத்து பார்க்க வேண்டும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கணக்கு போட சொல்லலாம். அட்வான்ஸ் பணம் அதுவரை மடியிலேயே இருக்கட்டும்.