ரஜுலா போன வழியில்

செம்பவாங் பூங்காவின் படகுத்துறையில் மாலை வேளைகளில் தூண்டில் போடுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். எதிரே ஜோகூர்க் கரை. பக்கத்திலேயே கப்பல் பட்டறை. உள்ளூர்ச் சரக்குக் கப்பல் முதல் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றும் சொகுசுக் கப்பல் வரை பழுதுபார்ப்புக்கு இங்கே வந்து போயிருக்கின்றன. இந்தப் பேட்டையில் குடியிருந்துகொண்டு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது கப்பலேறும் என்னிடம் அக்கம்பக்கத்தார் கேட்பது ஒரே கேள்விதான்: "மூணு நாள் தண்ணியிலே போயிட்டுத் திரும்பி இங்கேயே வர்றதுல என்ன இருக்கு?"

கேள்வி நியாயமானது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஆளைக் கொண்டுபோய் இறக்குவது பயணிகள் கப்பல். புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவது உல்லாசக் கப்பல்; அதில் ஊர்களைவிடக் கப்பல்தான் முக்கியம். நம்மவர்கள் பல தலைமுறையாக அறிந்தது முதல் வகையை. அதன் பெயர் ரஜுலா.

எஸ்.எஸ். ரஜுலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் இல்லை. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சனங்களும் பெட்டிகளும் படகில் போய் ஏற வேண்டும். ஏறும்போதே பாதிப் பேருக்குத் தலைசுற்றல் தொடங்கிவிடும்.

சுமார் 8,500 டன் கொண்ட அந்தக் கப்பலுக்குத் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. கப்பல்களுக்குச் சொல்லும் இந்த டன் எடையைக் குறிப்பதில்லை, உள்ளிடத்தின் கொள்ளளவைக் குறிப்பது. இன்று சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கெந்திங் டிரீம் ஒன்றரை லட்சம் டன். அதில் ஏறுவதோ சுமார் 3,400 பயணிகள். ஒரு ஆளுக்கு அன்று கிடைத்த இடத்தையும் இன்று கிடைக்கும் இடத்தையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டெக் என்று சொல்லும் தளத்துப் பயணிக்கு அறை கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு. தலைமாட்டில் தகரப் பெட்டி, கால்மாட்டில் யாரோ ஒருவருடைய தலைமாடு. தஞ்சாவூர்க்காரர், புதுக்கோட்டைக்காரர், இராமநாதபுரத்துக்காரர், நாகூர் வணிகர், மலையாளி எல்லாரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில். விலகி இருக்க நினைத்தவருக்கும் விலக இடம் இல்லை. வாந்தி எடுத்தவருக்குப் பக்கத்துப் பாய்க்காரர்தான் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுக்க வேண்டும். குழந்தை அழுதால் நாலு பாய் தள்ளி இருக்கும் பாட்டி தூக்க வேண்டும். சகபயணி யார் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. அந்த ஒரு வாரத்தில் உண்டான பழக்கம் இறங்கிய பிறகும் தொடர்ந்தது. 'ஒரே கப்பலில் வந்தவர்கள்' என்பது சொந்தபந்தத்துக்கு அடுத்த உறவு. புது ஊரில் வேலை இருக்கும் இடத்தைச் சொல்லவும், ஊருக்குக் கடிதம் எழுதித் தரவும், கல்யாணத்தில் முன்நிற்கவும் அந்த உறவே உதவியது.

இதைச் சொல்லும்போது ஏக்கத்தில் எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிடக் கூடாது. கப்பலில் அம்மையோ காலராவோ கண்டால் தளப் பயணிகளைச் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தடுத்துவைப்பார்கள். அறைப் பயணிக்கு ஒரு மரியாதை, தளப் பயணிக்கு ஒரு மரியாதை. தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய கூட்டமும் இதே தளங்களில்தான் வந்தது. உயிரோடு கரையேறியதே பெரிய காரியம் என்பதால்தான், ரஜுலாவுக்கு வெகு முன்பே 1828-30இல் தெலுக் ஆயரில் அன்றைய கடற்கரையை ஒட்டியே நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்காவை நம்மவர்கள் எழுப்பினார்கள்.

செம்பவாங்குக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் இங்கே கட்டிய கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே தமிழரும் மலையாளிகளுமாக ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். அவர்களிலும் அவர்களுடைய பெற்றோரிலும் பெரும்பாலோர் கப்பலேறி வந்தவர்கள். இன்றும் இங்குள்ள சாலைகளுக்குக் கென்பரா, வெலிங்டன், மால்டா, ஜிப்ரால்டர் என்று பெயர். கப்பல் போன ஊர்களின் பெயர்களெல்லாம் தெருப்பலகையில் இருக்கின்றன. ஆள் வந்த நாகப்பட்டினத்தின் பெயர் இல்லை. எனக்கு இது குறையாகவே படுகிறது. கடற்படைத் தளத்தின் தொழிலாளர்கள் 1960களில் கென்பரா சாலைப் பக்கம் மரத்தடியில் கும்பிட்ட முருகன் இப்போது யீஷூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியராக இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் கூடும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கப்பல் கதை ஒன்றாவது கிடைக்கும்.

ரஜுலா 1973இல் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது, பாஸ்டர் என்ற பெயரில் ஓடிய பிரெஞ்சுக் கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி அனுப்பியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தத் தடத்தின் பயணிகள் கப்பல் நின்றுபோனது. அதற்குள் விமானம் வந்துவிட்டிருந்தது. ஒரு வாரம் நாலு மணி நேரமாகச் சுருங்கியது.

இப்போது அக்கம்பக்கத்தாரின் கேள்விக்கு வருகிறேன். மரினா பேயிலிருந்தோ ஹார்பர்ஃபிரண்டிலிருந்தோ கிளம்பும் மூன்று நான்கு இரவுப் பயணங்கள் பெரும்பாலும் எங்கே போகின்றன? கிள்ளான், பினாங்கு, சில சமயம் புக்கெட். பெரும்பாலும் ரஜுலா வந்த வழியில் ஒரு பகுதிதான் அது. மலாக்கா நீரிணையில் இரவு மேல்தளத்தில் நின்றால் ரஜுலாவில் வந்தவர்கள் பார்த்த அதே கடல்தான் கண்ணெதிரே. அதற்காகத்தான் போகிறேன்.

ஆனால் இன்றைய கப்பலில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மூன்று நாளும் யாருடனும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட முடியும். பலர் அப்படித்தான் இறங்குகிறார்கள். சகபயணி வேண்டுமென்றால் நாமே தேடிப் போக வேண்டும். நான் கண்ட வழி, இரவு உணவுக்குத் தனி மேசை கேட்காமல் 'பகிர்ந்துகொள்கிறோம்' என்று சொல்வது. முதல் இரவு வானிலையைப் பற்றிப் பேசுவோம், இரண்டாம் இரவு பிள்ளைகளைப் பற்றி. மூன்றாம் இரவு ஒருவர் தன் அப்பா எந்தக் கப்பலில் வந்தார் என்று தொடங்குவார். சீனரோ மலாய்க்காரரோ யாராக இருந்தாலும் இந்த ஊரில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு கப்பல் இருக்கிறது.

முதல் முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மலாக்கா நீரிணை பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். தென்சீனக் கடல் பக்கம் போனால் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் ஆட்டம் உண்டு. ஆட்டம் தாங்காதவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுக்கட்டும். சீ-சா பலகையின் நடுவைவிட முனைகள்தானே அதிகம் ஏறி இறங்கும். கடப்பிதழில் ஆறு மாதமாவது காலம் மீதி இருக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இறங்கும் நாட்டு விசாவையும், சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைய அனுமதி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சீட்டுக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. சிப்பந்திகளுக்கான அன்றாடச் சேவைக் கட்டணம், இணையம், குளிர்பானம் என்று கடைசி நாள் கணக்கில் சேரும். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸ் கப்பலில் வேகமாகப் பரவும். கைச்சுத்திகரிப்பு ஜெல் அதற்குப் போதாது.

பாதுகாப்புப் பயிற்சியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பலருக்கு அதுவரை பயிற்சி தரப்படவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போதெல்லாம் காணொளியைப் பார்த்துவிட்டு ஒன்றுகூடும் இடத்தில் போய்ப் பதிவு செய்தால் போதும், கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த இடத்துக்குப் படிக்கட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆபத்தில் மின்தூக்கி ஓடாது.

இன்னொரு வகைச் சகபயணியும் கப்பலில் இருக்கிறார்: உங்கள் படுக்கையை விரிக்கிறவர், தட்டை எடுக்கிறவர். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வீட்டைவிட்டு வந்தவர்கள். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. நம் ஊர்ப் பக்கத்துப் பையன்களும் இருப்பார்கள். தமிழில் ஒரு வார்த்தை கேட்டால் முகம் மலர்ந்துவிடும். தளத்தில் பாய் விரித்து வந்த தாத்தா தலைமுறைக்கும் எனக்கும் இடையில் இருக்கிற பயணி அவர்தான் என்று எனக்குத் தோன்றும். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டியை அறை வாசலில் வைத்துவிட்டால் காலையில் கரையில் இருக்கும். மரினா பேயில் இறங்கினால், குடிநுழைவைத் தாண்டி மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. சிவப்புத் தடத்தில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் செம்பவாங் வரலாம். போன முறை என் மேசையில் இருந்த ஒரு வயதான தம்பதியும் அதே பெட்டியில் ஏறினார்கள். கென்பராவில் இறங்க வேண்டியவர்கள். இறங்குமுன் அந்த அம்மா மிச்சமிருந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.