தோளை உதைக்காத தோட்டாவே குறியைத் தொடும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. பாடாங் செராய், லூனாஸ், காராங்கான் என்று கூலிம் வட்டாரத்தின் எந்தப் பக்கம் போனாலும், இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்ட கதைகள் உண்டு. உரிமம் பெற்றவர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வருவார். வெடிச் சத்தம் கேட்கும். சுட்டவரின் தோள் ஒரு குலுங்கு குலுங்கும். அதைப் பார்த்துப் பழகிய பலருக்கு, 'பலமாக உதைத்தால்தான் பலமாகப் பாயும்' என்ற எண்ணம் மனத்தில் ஊறிவிட்டது.

இந்த எண்ணம் சரியா? தொலைவில் உள்ள சிறிய இலக்கைச் சுடுவதில் கைதேர்ந்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். குறைவாக உதைக்கும் தோட்டாவையே அவர்கள் தேடுகிறார்கள். காரணத்தைப் பார்ப்போம்.

உதைப்பு எங்கிருந்து வருகிறது?

தோட்டா என்பது பித்தளை உறை, அதனுள் வெடிமருந்து, முனையில் குண்டு ஆகியவை சேர்ந்தது. மருந்து எரிந்ததும் குண்டும் புகையும் முன்னே பாய்கின்றன. அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. படகிலிருந்து கரைக்குத் தாவுகிறவர் படகைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதைப் போன்றதுதான் இது. குண்டின் எடை, அதன் வேகம், மருந்தின் அளவு ஆகியவை கூடினால் உதைப்பும் கூடும். துப்பாக்கியின் எடை கூடினால் உதைப்பு குறையும்.

கணக்கைப் பார்த்தால் வேறுபாடு எவ்வளவு என்று புரியும். ஒரு கிலோ எடையுள்ள பொருள் 10 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு ஜூல். நான்கு கிலோ எடையுள்ள ரைபிளில் .22 எல்.ஆர். தோட்டாவின் உதைப்பு கால் ஜூலுக்கும் குறைவு. .223 ரெமிங்டன் சுமார் 4 ஜூல். .243 வின்செஸ்டர் சுமார் 11 ஜூல். .308 வின்செஸ்டர் 20 ஜூலை நெருங்கும். தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான 12 போர் துப்பாக்கியோ 30 ஜூல் அளவுக்குத் தோளைத் தாக்கும். அதாவது மூன்று கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போடுவதற்குச் சமம்!

உடம்பு மறப்பதில்லை

தோளில் ஏற்படும் வலி சிறிது நேரத்தில் போய்விடும். ஆனால் அந்த வலி மனத்தில் விட்டுச்செல்லும் பயம் போவதில்லை. நான்கைந்து முறை பலமாக உதை வாங்கியவரின் உடம்பு அடுத்த உதையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். விசையை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் இறுகும், விரல் வெடுக்கென்று இழுத்துவிடும். குழல் முனை நூலிழை அசைந்தாலும் 200 மீட்டருக்கு அப்பால் குண்டு வேறெங்கோ போய்ச் சேரும். சுட்டவர் துப்பாக்கியைக் குறை சொல்வார். குறை இருப்பது துப்பாக்கியில் அல்ல, பயத்தில்.

இன்னொரு காரணமும் உண்டு. அதிகம் உதைக்கும் ரைபிளில் சுட்ட மறுகணமே தொலைநோக்கி மேலே எழும்பிவிடும். குண்டு எங்கே பட்டது என்று சுட்டவருக்கே தெரியாது. உதைப்பு குறைந்த ரைபிளில் இலக்கு கண்ணைவிட்டு மறைவதில்லை. குண்டு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் பட்டதா, கீழே இறங்கியதா என்று தாமே பார்த்து, அடுத்த குண்டைத் திருத்திக்கொள்ளலாம்.

போட்டிக் களம் சொல்லும் பாடம்

உலகத்தின் மிகக் கடுமையான குறிபார்க்கும் போட்டிகளில் மிக மென்மையான துப்பாக்கிகளே பயன்படுகின்றன. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய இடம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளிதான். அதில் வெடிமருந்தே இல்லை. காற்றழுத்தத்தில் 4.5 மி.மீ. ஈயக் குண்டு பாயும். உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக இந்தப் போட்டியில் கலந்துகொண்டதை உலகமே வியந்து பார்த்தது. தோளை முரட்டுத்தனமாக உதைக்கும் துப்பாக்கியாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

கடலூரில் பிறந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இதே பிரிவில் தங்கம் வென்றார். உடல் வலிமையைவிட மூச்சையும் விரலையும் அடக்கியாளும் பயிற்சிதான் இந்த விளையாட்டுக்குத் தேவை என்பதற்கு இவர்கள் சான்று.

50 மீட்டர் போட்டிக்கு வந்தால் .22 எல்.ஆர். தோட்டா. 1887ஆம் ஆண்டில் உருவான இந்தச் சிறிய தோட்டாதான் இன்றும் ஒலிம்பிக் களத்தை ஆளுகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதற்குப் பொருந்தும்.

தொலைவு கூடினால்?

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பரந்த மேய்ச்சல் நிலங்களைச் சிறு விலங்குகள் பாழாக்குவதுண்டு. அங்குள்ள விவசாயிகள் 200, 300 மீட்டருக்கு அப்பாலிருந்து அவற்றைச் சுடுகிறார்கள். அதற்கு .22 எல்.ஆர். போதாது. வேகம் குறைவு என்பதால் அதன் குண்டு சீக்கிரமே தாழ்ந்துவிடும்.

இங்கே மூன்று வழிகள் உண்டு. முதலாவது .223 ரெமிங்டன். மூன்றரை கிராம் குண்டு வினாடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்கிப் பாய்கிறது. விலை குறைவு, குழலும் நீண்ட நாள் உழைக்கும். இரண்டாவது .22-250. இதே குண்டை இன்னும் வேகமாக அனுப்பும், பாதை இன்னும் நேராக இருக்கும். ஆனால் அதிக மருந்து எரிவதால் குழல் சீக்கிரம் தேய்ந்துபோகும். மூன்றாவது 6 மி.மீ. குடும்பம். .243 வின்செஸ்டர், 6 மி.மீ. பி.ஆர். ஆகியவை இதில் சேரும்.

ஆறு மில்லிமீட்டருக்கு ஏன் போக வேண்டும்? காற்றுதான் காரணம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தால், .223 ரெமிங்டனின் சாதாரண குண்டு 300 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் விலகிவிடும். நீண்டு மெலிந்த ஆறு மில்லிமீட்டர் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் முக்கால் சாண் அளவில் நின்றுவிடும். வேகம் மட்டும் போதாது, குண்டின் வடிவமும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. 6 மி.மீ. பி.ஆர். போன்ற தோட்டாக்கள் குறைந்த மருந்தில் இந்தப் பலனைத் தருவதால்தான் 300 மீட்டர் போட்டியாளர்களிடம் பெயர் பெற்றன. 2007ஆம் ஆண்டில் அறிமுகமான 6.5 கிரீட்மூர் இன்னும் நெடுந்தொலைவுக்கு உதவும். ஆனால் உதைப்பும் கொஞ்சம் கூடும்.

ஆகத் தேர்வு செய்யும் முறை எளிது. எவ்வளவு தொலைவு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொலைவுக்குப் போதுமான தோட்டாக்களில் எது குறைவாக உதைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மீதிப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிட வேண்டும்.

கூலிமுக்கு இது பொருந்துமா?

அப்படியானால் காட்டுப்பன்றிக்கும் ஒரு நல்ல ரைபிள் இருந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். இங்கேதான் இன்னொரு கேள்வி எழுகிறது. குறி தவறிய குண்டு எங்கே போய் விழும்?

12 போர் துப்பாக்கியின் பன்றித் தோட்டா 40 மீட்டருக்குள் வேலையை முடிக்கும். அதன் உருண்டைக் குண்டுகள் சில நூறு மீட்டருக்குள் வலுவிழந்துவிடும். சிறிய .22 எல்.ஆர். குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். .223 குண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டக்கூடியது. அந்தத் தொலைவுக்குள் கூலிமில் என்னதான் இல்லை? லயங்கள் நின்ற இடத்தில் தாமான்கள் எழுந்துவிட்டன. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றித் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் பெருகிவிட்டன. செம்பனை வரிசைகளுக்கு நடுவே 50 மீட்டருக்கு மேல் பார்வையே எட்டாது. 300 மீட்டர் தோட்டாவுக்கு இங்கே வேலை இல்லை, ஆபத்து மட்டுமே உண்டு.

எலித் தொல்லைக்கோ துப்பாக்கியே தேவையில்லை. செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூண்டு வைத்து வளர்க்கப்படும் கூகைகள் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

சட்டம் விளையாட்டல்ல

மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்குக்கூட உரிமம் வேண்டும். 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் (கூடுதல் தண்டனை) சட்டமோ இன்னும் கடுமையானது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்க அதில் இடமுண்டு. இரும்புக் குழாயை வைத்துக் கள்ளத் துப்பாக்கி செய்து பன்றி வேட்டைக்குப் போகிறவரும் இதே சட்டத்தில்தான் மாட்டுவார். 2010ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி வேட்டைக்கும் உரிமம் தேவை. ஒரு பன்றி இறைச்சிக்காகக் குடும்பத்தலைவர் சிறைக்குப் போனால், வீட்டில் அடுப்பெரிவது யாரால்?

குறிபார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு வழி இல்லாமல் இல்லை. பதிவு பெற்ற சங்கத்தில் சேர்ந்து, பயிற்றுநரின் கண்காணிப்பில் 10 மீட்டர் காற்று ரைபிளோடு தொடங்கலாம். உதைப்பில்லாத அந்தத் துப்பாக்கியில் மூச்சையும் விரலையும் பழக்கிக்கொண்டவர்தான் பின்னாளில் எந்தத் தோட்டாவையும் அடக்கியாள்வார். பெரிய தோட்டாவோடு தொடங்குகிறவர் முதலில் கற்றுக்கொள்வது பயத்தைத்தான். எது பெரியது என்று பார்க்காமல் எது போதும் என்று பார்க்கிறவரே குறி தவறாதவர்.