மூக்கின் உச்சியில் ஒரு குடிபெயர்வு

கோடை தொடங்கியதும் மான்ட்ரியலின் சென்ட் கேத்தரீன் தெருக் கடைகளில் நீல நிறச் சீசாக்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. கடற்காற்று, அலை, மழைத்துளி என்று பெயர் எதுவாக இருந்தாலும், அவற்றைத் திறந்தால் எழுவது ஏறத்தாழ ஒரே மணம்தான். தூய நீருக்கு மணமில்லை என்பதும், அந்நகரைச் சூழ்ந்தோடும் செயின்ட் லாரன்ஸ் ஆறு அங்கே நன்னீராகவே இருந்து, கியூபெக் நகரைத் தாண்டிய பிறகே உப்புக் கரிக்கத் தொடங்குகிறது என்பதும் விளம்பரக்காரர்களைத் தடுத்ததில்லை. இல்லாத கடலை விற்பதுகூடப் பெரிதில்லை. முதுமையும் சாவும் அண்டாத ஒரு நித்திய இளமையைச் சேர்த்து விற்கிறார்களே, அந்த வாக்குறுதியை அந்த மணத்தை உணரும் உறுப்பே பொய்யாக்குகிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அந்த மணத்தின் வரலாறு சுருக்கமானது. 1966இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலர்கள் உருவாக்கிய காலோன் என்னும் சேர்மம், தர்ப்பூசணியும் சிப்பியும் கலந்தாற்போன்ற மணம் கொண்டது. பழுப்புக் கடற்பாசிகள் இனப்பெருக்கத்தின்போது வெளியிடும் சில மூலக்கூறுகளைப் போலவே இதிலும் ஏழு அணுக்களாலான வளையம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்த அது, 1980களின் இறுதியில் வாசனைத் திரவியங்களுக்குள் நுழைந்து, 1992இல் இஸ்ஸே மியாக்கேயின் லோ திஸ்ஸே, 1996இல் அர்மானியின் அக்வா டி ஜியோ ஆகியவற்றின் வழியே உலகெங்கும் பரவியது. வணிக வரலாறாக இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சுவையான செய்தி மூக்குக்குள் இருக்கிறது. மூக்குக் குழியின் உச்சியில், ஓர் அஞ்சல்தலை அளவேயான முகர்படலத்தில், மணத்தை உணரும் நரம்பணுக்கள் குடியிருக்கின்றன. மூளையின் நரம்பணுக்கள் எலும்புக் கவசத்துக்குள் வாழ்நாள் முழுதும் காக்கப்பட, இவை மட்டும் தம் நுனி மயிரிழைகளை மெல்லிய சளிப்படலத்தில் நீட்டி வெளிக்காற்றை நேரே எதிர்கொள்கின்றன. தூசு, புகை, வைரஸ் எது வந்தாலும் முதல் அடி இவற்றுக்கே என்பதால், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மடிந்துபோகின்றன. படலத்தின் அடியில் உள்ள அடித்தளச் செல்கள் என்னும் மூலச்செல்கள் பிரிந்து புதிய நரம்பணுக்களை ஈன்று அந்த இடத்தை நிரப்புகின்றன. ஆக, ஒருவர் போன கோடையில் முகர்ந்த மணத்தை இந்தக் கோடையில் அடையாளம் காணும்போது, அன்று முகர்ந்த நரம்பணுக்களில் பெரும்பாலானவை இன்று உயிருடன் இல்லை.

பிறப்பதைவிடக் கடினமானது இணைப்பைப் பிடிப்பது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்து 2004இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வின் தொடர்ச்சியாகத் தெரியவந்தது இது: மனிதரிடம் செயல்படும் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிப் புரதங்களுள் ஒவ்வொரு நரம்பணுவும் ஒன்றையே தேர்ந்துகொள்கிறது; சுண்டெலியில் காட்டப்பட்டபடி, ஒரே ஏற்பியைத் தேர்ந்த நரம்பணுக்கள் எங்கே சிதறிக் கிடந்தாலும், அவற்றின் நீண்ட இழைகள் சல்லடை போன்ற எலும்புத் தகட்டின் துளைகளைக் கடந்து, மூளையின் முகர்குமிழில் ஒன்றிரண்டு குறிப்பிட்ட நரம்பு முடிச்சுகளிலேயே போய்ச் சேர்கின்றன.

இதை மான்ட்ரியல்வாசிகளுக்கு எளிதாக விளக்கலாம். அங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிந்து ஜூலை 1இல் புதிதாகத் தொடங்குவதால், அந்த ஒரு நாளில் தெருவெங்கும் மெத்தையும் ஃபிரிட்ஜும் இறங்கி ஏறும். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழர்களுக்கும் பழகிய காட்சிதான். குடித்தனக்காரர் மாறினாலும் கதவிலக்கம் மாறாது, கடிதம் அதே வாசலுக்கு வரும். மூக்கிலோ பழைய குடித்தனக்காரர் வேறு வீட்டுக்குப் போவதில்லை, இறந்தே போகிறார்; புதியவர் முகவரிச் சீட்டும் சாவியும் இல்லாமல் கீழ்த்தளத்தில் பிறந்து, அந்நகர வீடுகளின் வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டுக்குப் பதில் எலும்புத் துளையில் நுழைந்து, ஆயிரக்கணக்கான கதவுகளுள் தம் இனத்தார் வழக்கமாகத் தட்டும் கதவைத் தேடிப் பிடிக்கிறார். முன்னவர் நடந்த வழியை உறைசெல்கள் என்னும் துணைச்செல்கள் இடியாமல் காத்து நிற்பது அவருக்குப் பெரிய உதவி. தெருவே இடிந்துபோனால், அதாவது படலம் பெருமளவில் சிதைந்தால், புதியவர்கள் தவறான கதவுகளைத் தட்டக்கூடும். கோவிட் தொற்றுக்குப் பின் சிலருக்குக் காப்பி சாக்கடையாக நாறியதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் அதுவும் ஒன்று. வாடகை உயர்வுத் தகராறுதான் இங்கே இல்லை. அந்தக் குறையை முதுமை தீர்த்துவைக்கிறது.

வயது ஏற ஏற அடித்தளச் செல்களின் சுறுசுறுப்பு குறைகிறது; முகர்படலம் திட்டுத்திட்டாக அழிந்து, அங்கே சாதாரண மூச்சுப்பாதைப் படலம் பரவுகிறது. மெட்ரோ ரயிலில் சில முதியவர்கள் சீசாவையே கவிழ்த்துக்கொண்டு வந்தாற்போல மணப்பதற்கு ஆடம்பரம் காரணமல்ல, அவர்களுக்கு அது அவ்வளவாக எட்டவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இங்கிருந்துதான் பரபரப்புச் செய்திகள் பிறக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெயந்த் பின்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 57 முதல் 85 வயது வரையிலான 3005 அமெரிக்கர்களிடம் ரோஜா, தோல், ஆரஞ்சு, மீன், புதினா ஆகிய ஐந்து மணங்களைக் கொடுத்து அடையாளம் கேட்டிருந்தனர். ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தோர், முகர்திறன் இயல்பாக இருந்தவர்களில் 10 சதவீதம், குறைந்தவர்களில் 19 சதவீதம், இழந்தவர்களில் 39 சதவீதம். சாவை மூக்கு மோப்பம் பிடிக்கிறது என்று எழுதியவர்கள், மூக்கு யாரையும் கொல்வதில்லை என்பதையும், முகர்திறனை முற்றிலும் இழந்தவர்களிலும் அறுபத்தொரு சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்திருக்கலாம். புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் உடலெங்கும் தளர்வதன் அடையாளமாக முகர்திறன் இழப்பு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களே முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று, நிறுவப்பட்டதல்ல.

மான்ட்ரியலின் டக்ளஸ் மனநல நிறுவனத்தில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜான் பிரைட்னர் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நிதானமானது. பெற்றோருக்கு அல்சைமர் இருந்ததால் தாமும் ஆபத்துக்குள்ளான, சராசரியாக 63 வயதுடைய ஏறத்தாழ 300 பேர், சுரண்டி முகரும் அட்டைகளில் பபிள்கம், பெட்ரோல், எலுமிச்சை முதலிய மணங்களை இனங்கண்டனர். அவர்களுள் சுமார் 100 பேர் முதுகுத்தண்டு நீரையும் ஆய்வுக்குத் தந்தனர். மணங்களை இனங்காண அதிகம் தடுமாறியவர்களிடமே நோயின் உயிர்வேதிக் குறிகளும் கூடுதலாக இருந்தன. இங்கே பழுது முகர்படலத்தில் மட்டும் தேடப்படவில்லை: மணத்துக்குப் பெயர் சொல்வது நினைவின் வேலையும் ஆதலால், நோய் தொடக்கத்திலேயே தாக்கும் முகர்குமிழும் நினைவுப் பகுதிகளும் சேர்ந்தே சோதிக்கப்படுகின்றன. சளிபிடித்தவரும் புகைப்பவரும்கூட இத்தேர்வில் தோற்கக்கூடும் என்பதால், வீட்டில் ஒரு சீசாவை முகர்ந்து பார்த்து எவரும் தம் ஆயுளையோ மறதியையோ கணக்கிட முடியாது.

குறைந்த முகர்திறனை மீட்க மருத்துவர்கள் பரிந்துரைப்பது எளிய பயிற்சிதான்: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் வாரக்கணக்கில் கவனமாக முகர்வது. வைரஸ் தொற்றால் திறன் குன்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு அது உதவுகிறது. ஆயினும், பயிற்சியால் புதிய நரம்பணுக்கள் கூடுதலாகப் பிறக்கின்றனவா, அல்லது எஞ்சியவை அனுப்பும் மெலிந்த செய்தியை மூளை கூர்ந்து படிக்கப் பழகுகிறதா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை.